புகையாத லாரியும் பெண் பார்க்க வந்தவர்களும்

வாதத்தில் தோற்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும். மேடையில் பழகியவர்களுக்குத் தோல்வி புதிதல்ல. கைதட்டல் எதிரணிக்குப் போகும் நாளிலும் புன்னகை மாறாமல் படியிறங்கி வரப் பயிற்சி பெற்றவர்கள் நாங்கள். ஆனால் சான்று முழுவதும் நம் பக்கம் நின்று, அதைக் கூடியிருந்தோர் அனைவரும் தம் இரு கண்களால் பார்த்த பிறகும், "தோற்றவள் நீதான்" என்று தீர்ப்பு வந்தால் என்ன செய்வது? அந்தத் தீர்ப்பை எதிர்த்து முறையிட எங்கள் குடும்பத்தில் ஒரு மன்றமும் இல்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. பரமத்தி வேலூரில் எங்கள் அப்பாவுக்கு ஒரு லாரி இருந்தது. வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் ஏற்றிக்கொண்டு கரூருக்கும் நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் போய்வரும். அது கிளம்பும் ஓசை கேட்டால் எங்கள் தெருப் பெண்கள் கொடியில் காயும் துணிகளை வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவார்கள். அத்தனை புகை. அது போய் வெகுநேரம் கழித்தே எதிர்வீடு எங்கள் கண்ணுக்குத் தெரியும்.

நான் சேலத்தில் மகளிர் கல்லூரி ஒன்றில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது வேதியியல் என்றாலும் வாழ்ந்தது பேச்சு மேடையில். உப்புக் கேட்பதற்கும் முன்னுரை வைக்கும் வயது அது. (ஒருமுறை, "இவ்வேளையில் குழம்பைக் குறித்து ஒன்றைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று தொடங்கி அம்மாவிடம் கரண்டியடி வாங்கியிருக்கிறேன்.)

கல்லூரிகளுக்கு இடையே நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் "அறிவியலின் வளர்ச்சி ஆக்கத்திற்கே" என்ற அணியில் நான் பேசினேன். என் உரையின் உச்சம் வினையூக்கி. தான் செலவாகாமல், தன் அருகே நடக்கும் வினையின் வேகத்தை மட்டும் கூட்டிவிடும் பொருள் அது. வெளிநாடுகளில் கார்ப் புகை வெளியேறும் குழாயிலேயே வினையூக்கியைப் பொருத்தி, நச்சு வாயுக்களை அங்கேயே எரித்துத் தீங்கற்றவையாக்கி அனுப்புகிறார்கள் என்றும், ஆலைகளின் புகைபோக்கிகளுக்கும் இந்த வழி உண்டு என்றும் முழங்கினேன். "நஞ்சை வானுக்கு அனுப்பும் முன் நெருப்புக்கு அனுப்புங்கள்!" என்று முடித்தபோது எழுந்த கைதட்டலில் எனக்கே புல்லரித்தது.

அடுத்து எதிரணியில் பேச வந்தவர், எங்கள் லாரியை வழியில் பலமுறை கண்டிருந்த நாமக்கல் பக்கத்து மாணவர். ஒலிபெருக்கி முன் நின்றவர் ஒன்றும் பேசாமல் தன் சட்டைக் காலரை இழுத்து அவைக்குக் காட்டினார்.

"நடுவர் அவர்களே, காலையில் இது வெள்ளைச் சட்டை. நான் ஏறிவந்த பேருந்து, வழிநெடுக அம்மையார் வீட்டு லாரிக்குப் பின்னாலேயே வந்தது."

அவ்வளவுதான். அரங்கம் எழுந்து நின்று சிரித்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இரண்டாம் பரிசு.

அன்றே சூளுரைத்தேன். எங்கள் லாரி புகையாது. புகைய விடமாட்டேன்.

பிளாட்டினத்துக்கு நான் எங்கே போவது? ஆனால் தாமிர ஆக்சைடும் இந்த வேலையைச் செய்யும் என்று படித்திருந்தேன். தாமிரத்துக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? கொடிக்கால் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், வெற்றிலைக்கொடி வாடாமலிருக்கத் தெளிப்பதற்கு மயில்துத்தம் வாங்கி வைத்திருப்பார்கள். அது தாமிர உப்புதான். உடைந்த ஓடுகளைச் சில்லுச் சில்லாக்கி, மயில்துத்தக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்து, வெல்லம் காய்ச்சும் ஆலையடுப்பின் தணலில் கறுக்கும்வரை சுட்டெடுத்தேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றில் இரும்பு உருளை ஒன்று செய்யச் சொல்லி, இரு வாயிலும் கம்பி வலை வைத்து, நடுவில் சில்லுகளை நிரப்பினேன். புகை இந்தச் சில்லுகளின் இடுக்குகளில் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். சில்லுகள் நன்றாகச் சூடேறிவிட்டால் கரியும் வாயுவும் அங்கேயே எரிந்துபோகும்.

எங்கள் ஓட்டுநர் காளியப்பண்ணனைத்தான் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது.

"புகையில்லாம எப்புடிங்க அம்மிணி? புகை வந்தாத்தான் வண்டிக்கு உசுரு. எஞ்சின் இழுக்குதா இல்லியான்னு கண்ணாடியில புகையைப் பாத்துத்தானே தெரிஞ்சுக்கறோம்?"

"அண்ணா, அது உயிரன்று. எரியாமல் வீணாகும் உங்கள் டீசல். இதை மூன்று கோணங்களில் விளக்குகிறேன்."

"வேண்டாஞ் சாமி. மாட்டிரலாம்."

(முதல் கோணம் முடிவதற்குள் ஸ்பேனரை எடுத்துவிட்டார். என் பேச்சின் வலிமையென்று அன்று நினைத்தேன்.)

வேலை செய்தது! வாசகர்கள் இந்த வாக்கியத்தை நினைவில் நிறுத்தவேண்டும். முதலில் கிளப்பியபோது கொஞ்சம் புகைந்தது உண்மை. ஆனால் நாமக்கல் போய்த் திரும்பி, சூடேறி நின்ற வண்டியின் குழாய்வாயில் அப்பாவின் வெள்ளைத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். இலேசாகப் பழுப்பேறியதே தவிரக் கரியில்லை. மேட்டில் ஏறும்போது வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குவதாகக் காளியப்பண்ணன் முணுமுணுத்தார். அதைப் பொறாமை என்று ஒதுக்கினேன்.

இந்த நிலையில்தான் என் அக்கா சரோஜாவுக்கு வரன் கூடிவந்தது.

மாப்பிள்ளை தங்கவேல் நாமக்கல் பக்கம். லாரித் தொழிலில் ஊறிய குடும்பம். ஒரு கல்யாணப் பந்தியில் அக்காவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது மட்டும்தான். ஆனாலும், "அவரை உட்டா வேற ஆருக்கும் நான் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்று அக்கா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். எதற்கும் அழாத அக்கா அதைச் சொல்லும்போது அழுதாள். இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீடு என்பதால், தனக்குப் பிறகு லாரி மூத்த மாப்பிள்ளைக்கே என்று அப்பா முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் சென்னியப்பனிடமிருந்து பதில் வந்தது: "வெள்ளிக்கெழமை வாரோம். பொண்ணையும் பாத்துக்கறோம், வண்டியையும் பாத்துக்கறோம்."

கேட்கிறேன், இது என்ன வாக்கியம்? ஒரு பெண்ணையும் ஓர் ஊர்தியையும் ஒரே "உம்" கொண்டு இணைக்கலாமா? வரதட்சணைக்கு எதிராக மூன்று கோப்பைகள் வாங்கியவள் இருக்கும் வீட்டிலா? நான் கொதித்தெழுந்து அடுப்படிக்குள் போய் உரையாற்றத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, உன்னக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். வெள்ளிக்கெழமை ஒரு நாளு மட்டும் வாயைத் தொறக்காத. இந்தச் சம்பந்தம் நின்னு போச்சுன்னா நாந் தாங்க மாட்டேன்."

வாயைத் திறப்பதில்லை என்று வாக்களித்தேன். ஆனால் உருளையைக் கழற்றுவதாக வாக்களிக்கவில்லை. கழற்றவும் தோன்றவில்லை. தமிழ்நாட்டிலேயே புகையாத ஒரே லாரி எங்கள் வாசலில் நிற்கும். அதைக் கண்டு லாரிக்காரக் குடும்பம் வியந்து நிற்கும். அக்காவின் மதிப்பு உயரும். இவ்வாறு கணக்கிட்டவள் நான்.

வெள்ளிக்கிழமை காலை. வண்டி சூடாக இருக்க வேண்டுமென்று காளியப்பண்ணனை ஒரு நடை அனுப்பித் திருப்பியிருந்தேன். வந்தவர்கள் எட்டு வேட்டிகள், ஐந்து பட்டுப்புடவைகள். எல்லா வேட்டிகளும் கண்கூசும் வெள்ளை. சென்னியப்பன் பெரிய உருவம். தண்ணீர்ச் செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தவர், உட்காரக்கூட இல்லை.

"மொதல்ல வண்டியப் பாத்தரலாமுங்களா? வெயில் ஏறிப்போயிரும்."

உள்ளே அக்கா பட்டுடுத்தித் தலைநிறையப் பூவோடு காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே பதின்மூன்று பேரும் லாரியின் பின்புறத்தைப் பார்த்து நிற்கிறார்கள். என் பற்கள் நறநறத்தன. வாயைத் திறக்கவில்லை.

சென்னியப்பன் டயரைத் தட்டினார். பலகையைத் தட்டினார். பிறகு வண்டியின் பின்னால் போய், இடுப்பில் கைவைத்து நின்று, "ரேஸ் பண்ணப்பா!" என்றார்.

காளியப்பண்ணன் மிதித்தார். எஞ்சின் அலறியது. குழாயிலிருந்து வெறும் வெப்பம் மட்டும் அலையலையாக வந்தது.

"இன்னுங் கொஞ்சம்!"

அலறல். வெப்பம். புகை இல்லை.

சென்னியப்பனின் முகம் மாறியது. குனிந்து குழாயைப் பார்த்தார். தன் தம்பியைப் பார்த்தார். தம்பி உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்க," என்றார் அப்பாவிடம், துக்கம் கேட்கும் குரலில். "எஞ்சின்ல ஒண்ணுமே இல்லீங்களே? உசுரே காணமுங்களே? இது லோடு எப்புடீங்க இழுக்கும்?"

அப்பா விழித்தார். காளியப்பண்ணன் என்னைப் பார்த்தார். அடுப்படிச் சன்னல் வழியே அக்காவும் என்னைப் பார்த்தாள். அப்போதே உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் முன்னால் ஓர் அவை. அந்த அவையில் ஒரு தவறான கருத்து. என் கால்கள் தாமாக இரண்டடி முன்னே வைத்தன.

"பெரியோர்களே! தாய்மார்களே!"

(ஆம். எங்கள் வீட்டு வாசலில். பெண் பார்க்க வந்தவர்களைப் பார்த்து.)

"புகை என்பது ஆற்றலின் அடையாளமன்று, இழப்பின் அடையாளம்! இந்த வண்டியும் புகைந்ததுதான். ஆனால் இன்று இதன் புகைக்குழாயினுள்ளே தாமிரம் ஏற்றிய ஓட்டுச் சில்லுகளை நானே என் கையால் நிரப்பியிருக்கிறேன். புகை வெளியே தெரியாததன் இரகசியம் அதுவே!"

கைதட்டலுக்கென்று இடைவெளி விட்டேன். பயிற்சி அப்படி.

"புள்ள என்னுங்க சொல்லுது?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

சென்னியப்பனின் தம்பி நிதானமாக மொழிபெயர்த்தார். "எஞ்சின் கோளாறு புகையில தெரியக்கூடாதுன்னு சைலன்சருக்குள்ள ஓட்டாஞ்சில்லப் போட்டு அடைச்சு வெச்சுருக்கறாங்களாமா."

எட்டு வேட்டிகளும் அப்பாவின் பக்கம் திரும்பின.

"ஏனுங்க," என்றார் சென்னியப்பன். இம்முறை குரலில் துக்கம் இல்லை. "கியர் பாக்ஸ் சத்தம் போட்டா மரத்தூளப் போட்டு விக்கறவங்களப் பாத்துருக்கறேன். டேங்க் ஒழுகுனா சோப்ப அப்பி விக்கறவங்களப் பாத்துருக்கறேன். சைலன்சரையே அடைச்சுப்போட்டு, அதைப் புள்ளைய உட்டு மைக்குல பேச வெக்கற மாதரி பேச வெக்கறவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன். சம்பந்தம் பண்ண வந்த எடத்துலயேங்களா?"

அப்பா வாழ்நாளில் ஒருவரை ஏமாற்றியதில்லை. சந்தையில் அழுகல் தாரை அவரே எடுத்து ஒதுக்கி வைப்பார். அவர் முகத்தில் அன்று நான் பார்த்ததை இன்றும் விளக்கிச் சொல்ல என்னிடம் மொழியில்லை. சன்னலில் இருந்த அக்காவின் முகம் மறைந்தது.

"ஐயா, தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்! வினையூக்கி என்பது தான் மாறுதலடையாமல்..."

"நீ சும்மா இரு அம்மிணி!" இதை அப்பா, அம்மா, காளியப்பண்ணன் மூவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒத்திகை பார்த்தாலும் அவ்வளவு பொருந்தாது.

வேட்டிகள் செருப்பைத் தேடத் தொடங்கின. அப்போதுதான் அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த மாப்பிள்ளை தங்கவேல் முன்னே வந்தார்.

"அப்பா, இருங்க. கழட்டிப் பாத்தரலாம். அடைச்சது எஞ்சினுக்குப் போட்ட மருந்தா, மறைக்கப் போட்ட மூடியான்னு தெரிஞ்சு போயிருமல்லோ?"

சொல்லிவிட்டுச் சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். காளியப்பண்ணன் ஸ்பேனரோடு பின்னால் நுழைந்தார். அடுத்த நொடி, அடியிலிருந்து ஓர் அலறல்.

வினையூக்கி கொதித்துக்கொண்டிருக்கும், கை வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை என் உரையில் இருந்தது. நான்காம் பகுதியில் இருந்தது. அதுவரை கேட்கப் பொறுமையில்லாதவர்கள் என்னைக் குறை கூறுவதில் என்ன நியாயம்?

தங்கவேல் விரல்களை உதறிக்கொண்டு வெளியே வரவும், காப்பித் தட்டு எங்கோ தொப்பென்று விழவும் சரியாக இருந்தது. அழைத்த பிறகே வரவேண்டிய பெண், தலைகுனிந்து நடந்து வரவேண்டிய பெண், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். கையில் வாழைமட்டை. அதைக் கசக்கிச் சாற்றை அவர் விரலில் பிழிந்தாள்.

"எரியுதுங்களா?"

"இப்ப இல்லீங்க."

"பழந்துணி சுத்திக்காமயா உள்ள கைய வெப்பாங்க?"

"அவசரமுங்க. எல்லாருங் கெளம்பறாங்கல்லங்க."

அக்கா சிவந்துபோனாள். அவர் பழந்துணி கேட்டார். அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அதைச் சுற்றிக்கொண்டு அவர் மறுபடியும் வண்டிக்கு அடியில் போனார். (கரிபிடித்த அந்தக் கைக்குட்டை திரும்பி வரவேயில்லை.)

உருளை கழன்று வந்தது. தங்கவேல் அதைத் தரையில் வைத்துச் சில்லொன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். காளியப்பண்ணன் ஏறி மிதித்தார்.

ஐயகோ! அந்தப் புகையை எப்படி வருணிப்பேன்? இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்த வஞ்சத்தையெல்லாம் அந்த லாரி ஒரே மூச்சில் கக்கியது. குழாயிலிருந்து புறப்பட்ட கருமுகில் எட்டு வேட்டிகளையும் விழுங்கியது. பெரியம்மாவின் பட்டு எங்கே என்று தெரியவில்லை. திண்ணையில் பந்திக்குப் போட்டிருந்த வாழையிலைகளில் கேசரியும் வடையும் ஒரே நிறமாயின. அந்த இருளுக்குள்ளிருந்து இருமலும் அதைத் தொடர்ந்து சென்னியப்பனின் குரலும் வந்தன.

"அட! இதப் பாரு! இதுதாண்டா வண்டி! இந்த உசுரயாங்க அடைச்சு வெச்சிருந்தீங்க?"

புகை விலகியபோது அவர் சிரித்துக்கொண்டு நின்றார். பல் மட்டும் வெள்ளை. அப்பாவின் தோளில் கைபோட்டார். "கோவிச்சுக்காதீங்க. நல்ல வண்டியப் போயி அடைச்சு வெச்சுருந்தாங்காட்டி சந்தேகப்பட்டுட்டனுங்க. சின்னப்புள்ள வெளையாட்டு. உடுங்க. வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

நான் நடு வாசலில் நின்றேன். அவையோரே, சற்று எண்ணிப் பாருங்கள். உருளை இருந்தபோது புகை இல்லை. உருளையை எடுத்தவுடன் ஊர் மறைந்தது. அதே வண்டி, அதே எஞ்சின், அதே ஓட்டுநர். இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வுக்கூடம் நடத்திக் காட்டும்?

"பார்த்தீர்களா! நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது!" என்று கத்தினேன்.

"ஆமாஞ் சாமி," என்று கரிபிடித்த வேட்டியால் முகத்தைத் துடைத்தபடியே சென்னியப்பன் அன்பாகச் சொன்னார். "போயி மூஞ்சி களுவிக்க."

அக்கா கல்யாணம் நன்றாக நடந்தது. லாரி புகைந்துகொண்டே சீர்த்தட்டுகளைச் சுமந்து போனது. உருளை எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்தது. நான் மேல்படிப்பு முடித்து, இப்போது ஒரு கல்லூரியில் இதே வினையூக்கியைப் பாடமாக நடத்துகிறேன். மாணவிகள் எவரும் என்னைக் குறுக்கே மறித்து முகம் கழுவச் சொல்வதில்லை.

இங்கேயே முடிந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வண்டிகளைத் தகுதிச் சான்று பெற ஆண்டுதோறும் எஃப்.சி.க்குக் காட்டும்போது, புகை மிகுதியாக இருந்தால் ஆய்வாளர் திருப்பி அனுப்பத் தொடங்கினார். முதலில் திருப்பி அனுப்பப்பட்டவற்றுள் சென்னியப்பன் மாமாவின் வண்டியும் ஒன்று. மறுநாளே அவர் எங்கள் வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, அந்த ஓட்டாஞ்சில்லுப் பொட்டி கெடக்குதா?"

என் நெஞ்சு விம்மியது. இத்தனை ஆண்டு காத்திருந்த தீர்ப்பு! பரணிலிருந்து நானே இறக்கித் துடைத்து, புதிய சில்லுகள் சுட்டு நிரப்பிக் கொடுத்தேன். வண்டி எஃப்.சி.யில் தேறியது. ஆய்வாளரே குனிந்து பார்த்து வியந்தாராம். மூன்றாம் நாள் உருளை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. நான் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"ஏன் மாமா கழற்றிவிட்டீர்கள்?"

"வேல முடிஞ்சுருச்சல்ல? பூட்டிக்கிட்டே ஓட்டுனா நாலு பேரு வண்டிக்கு உசுரில்லைன்னு பேசமாட்டானா?"

அன்று எங்கள் அப்பாவை நோக்கி எந்தக் குற்றத்தைச் சாட்டினாரோ, அதே குற்றத்தைத்தான் இப்போது ஆண்டுக்கொரு முறை அவர் செய்கிறார், என் உருளையைக் கொண்டே! இதை நான் அவர் முகத்துக்கு நேரே, சொல்லுக்குச் சொல் எடுத்துரைத்தேன். முழுவதும் கேட்டார். இம்முறை நான்காம் பகுதி வரைக்கும் கேட்டார். பிறகு உள்ளேயிருந்த தன் மனைவிக்குக் குரல் கொடுத்தார்: "புள்ளைக்குத் தொண்ட வறண்டு போயிருக்கும், மோரு கொண்டா."

இப்போது அவர் மட்டுமல்ல, அவர் தம்பியும், தம்பியின் மச்சானும், அவர்கள் தெருவில் இருக்கும் மற்ற லாரிக்காரர்களும் முறை வைத்து வாங்கிப் போகிறார்கள். குடும்ப விசேஷங்களில் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பைச் சென்னியப்பன் மாமாவே எடுத்துக்கொள்கிறார்.

"இவதானுங்க எங்க மருமகளோட தங்கச்சி. காலேசு டீச்சரு. வருசத்துல ஒரு நாளு எங்க வண்டி புகையாதுங்க. அது இவ புண்ணியமுங்க."

எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்காவும் அத்தானும் உரக்கவே சிரிக்கிறார்கள். சில நேரம் எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அதை என் தரப்பு விட்டுக்கொடுத்ததாக எவரும் குறித்துக்கொள்ள வேண்டாம்.